தோற்பதற்கான வாய்ப்பு: ஸ்டீவ் டிகோலோவும் கென்யக் கிரிக்கெட்டும்

கென்ய மட்டையாளர் ஸ்டீவ் டிகோலோ 1996 முதல் 2011 வரை ஐந்து உலகக் கோப்பைகளில் ஆடியவர். ஒருநாள் ஆட்டங்களில் அவருடைய சராசரி ஏறத்தாழ 29. புள்ளிவிவரப் பட்டியலைப் புரட்டுவோர் இந்த எண்ணைப் பார்த்ததும் அவரை நடுத்தர ஆட்டக்காரர்களோடு சேர்த்துவிடுகிறார்கள். இந்த மதிப்பீடு பிழையானது. ஒருவருடைய திறமையை மட்டும் சராசரி அளப்பதில்லை. அதைத் தீட்டிக்கொள்ள அவருக்குக் கிடைத்த ஆட்டங்களையும் சேர்த்தே அளக்கிறது. டிகோலோவுக்குக் கிடைக்காமல் போனவை அந்த ஆட்டங்கள்தாம்.

அவரது முதல் ஒருநாள் ஆட்டமே உலகக் கோப்பை ஆட்டம். 1996 பிப்ரவரியில் கட்டாக்கில் இந்தியாவுக்கு எதிராக 65 ஓட்டங்கள் எடுத்தார். அடுத்த மாதம் கண்டியில் இலங்கை 398 ஓட்டங்களைக் குவித்து அன்றைய உலகச் சாதனையைப் படைத்தது. பதிலுக்கு ஆடிய கென்யாவுக்காக டிகோலோ 96 எடுத்தார். இவ்விரண்டுக்கும் இடையில் புனேயில் கென்யா 166 ஓட்டங்களில் சுருண்டும், மேற்கிந்தியத் தீவுகளை 93-க்குள் அடக்கி வென்றது. அன்று கென்யர் எவரும் 30-ஐத் தொடவில்லை. டிகோலோவின் 29தான் அதிகம். பட்டியலில் சாதாரணமாகத் தெரியும் ஓர் எண் ஆடுகளத்தில் என்ன எடை பெறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1997 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்த, டெஸ்ட் தகுதி பெறாத நாடுகளுக்கான ஐசிசி கோப்பையின் இறுதியாட்டத்தை நான் தீர்மானகரமானதாகக் கருதுகிறேன். கென்யாவின் 241 ஓட்டங்களில் 147 டிகோலோவுடையவை. மழை குறுக்கிட்டதால் வங்கதேசத்தின் இலக்கு 25 ஓவர்களில் 166 என மாற்றப்பட்டது. கடைசிப் பந்தில் அந்த அணி வென்றது. 2000 ஜூனில் வங்கதேசம் டெஸ்ட் தகுதி பெற்றது. அதே தகுதிக்கான கென்யாவின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. டாக்காவின் பெருந்திரளான ரசிகர்களும் சந்தையும் அம்முடிவில் எடை பெற்றன என்பது வெளிப்படை. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அத்தகுதியோடு வந்த இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வங்கதேசத்தின் முதல் டெஸ்ட் வெற்றி 2005 ஜனவரியில், அதன் 35ஆவது டெஸ்டில்தான் கிட்டியது. அத்தனை காலம் தோற்றுத் தோற்றுக் கற்க அவ்வணிக்கு இடமிருந்தது. டிகோலோவின் தலைமுறைக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

2003இல் டிகோலோவின் தலைமையில் கென்யா உலகக் கோப்பை அரையிறுதிக்குச் சென்றது. பாதுகாப்பு அச்சத்தால் நியூசிலாந்து நைரோபிக்கு வர மறுத்ததில் புள்ளிகள் இலவசமாகக் கிடைத்தன என்பது உண்மையே. ஆனால் இலங்கை, வங்கதேசம், ஜிம்பாப்வே ஆகிய மூன்று டெஸ்ட் நாடுகளையும் கென்யா ஆடித்தான் வென்றது. டர்பன் அரையிறுதியில் இந்தியாவிடம் தோற்றபோதும் டிகோலோ 56 எடுத்தார். அதன்பின் பெரிய அணிகள் கென்யாவை நாடி வரிசையில் நின்றிருக்க வேண்டும். நடந்ததோ வேறு. 2005இல் கென்யா ஒரே ஒரு ஒருநாள் ஆட்டம்கூட ஆடவில்லை. முப்பதுகளின் தொடக்கம் ஒரு மட்டையாளருக்கு அனுபவமும் உடலும் ஒத்துழைக்கும் பருவம். 1971இல் பிறந்த டிகோலோ அந்தப் பருவத்தில் ஆட்டமின்றி இருந்தார்.

பழியைக் கென்யர்கள்மீதே சுமத்தும் வாதமும் உண்டு. நிர்வாகச் சண்டை, 2004இல் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தம், அதே ஆண்டில் கென்ய ஆட்டக்காரர் மாரிஸ் ஒடும்பேக்கு விதிக்கப்பட்ட ஐந்தாண்டுத் தடை, நைரோபியைத் தாண்டி அதிகம் பரவாத ஆட்டம் என அதன் சான்றுகள் வலுவானவை. இவை வீழ்ச்சியை விரைவுபடுத்தின என்பதை மறுக்க முடியாது. முதல்தர உள்நாட்டுப் போட்டி இல்லாததும் கென்யாவுக்கு எதிராகச் சொல்லப்படுகிறது. ஆனால் வங்கதேசத்தின் தேசியக் கிரிக்கெட் லீக்கே 1999-2000 பருவத்தில்தான் தொடங்கியது. அது முதல்தரத் தகுதி பெற்றது டெஸ்ட் தகுதி கிடைத்த பிறகு. கட்டமைப்பு முதலில், தகுதி பின்னர் என்ற வரிசை அங்கே கண்டிப்பாகப் பின்பற்றப்படவில்லை. கென்யாவுக்கு மட்டும் அது நிபந்தனையாக நின்றது. டிகோலோ தம் கடைசி உலகக் கோப்பையை ஆடி மூன்று ஆண்டுகள் கழித்து, 2014இல், கென்யா ஒருநாள் தகுதியையும் இழந்தது.