படி அளந்த பாட்டு

கூட்டாகப் பாடும் குழு என்றதும் தேவாலயத்துப் பாடற்குழுதான் பலருக்கும் நினைவில் எழுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்று அந்த எண்ணத்தைத் திருத்துகிறது. முதலாம் இராசராசன் தன் 29ஆம் ஆட்சியாண்டுக்குள், தேவாரப் பதிகங்களான திருப்பதியம் பாட, 'பிடாரர்' எனப்பட்ட பாடகர்கள் 48 பேரையும், உடுக்கைக்கு ஒருவரையும், கொட்டிமத்தளத்துக்கு ஒருவரையும் அமர்த்தினான். தலைக்கு நாள் ஒன்றுக்கு மூன்று குறுணி நெல். ஐம்பது பேருக்கும் சேர்த்தால் பன்னிரண்டரைக் கலம். பாடுவதைக் கல்வெட்டு 'விண்ணப்பம் செய்தல்' என்கிறது. 48 பேர் ஒருசேரப் பாடினார்களா, முறைவைத்துப் பாடினார்களா என்று கேட்கலாம். அத்தனை குரலுக்கும் உடுக்கை ஒன்று, மத்தளம் ஒன்று என்பதைப் பார்த்தால், ஒரே அவையாக நின்று பாடியிருப்பார்கள் என்றே நான் கொள்கிறேன். மேற்கத்திய முறைபோலப் பல சுரங்களை ஒருங்கே அடுக்கும் பாட்டல்ல இது. பண்ணும் தாளமும் ஒன்றாக எல்லோரும் சேர்ந்து ஓதுவது. அதனால் இது குழுப்பாட்டு ஆகாமல் போய்விடாது.

பக்தி இருந்தது, பாட்டும் நிலைத்தது என்று சொல்லிவிடுவது எளிது. கல்வெட்டு காட்டும் காரணம் வேறு. பிடாரர் ஒருவர் இறந்தாலோ வேற்றூர் போய்விட்டாலோ அடுத்த உரிமையுள்ள உறவினர் அந்த நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரை வைத்துப் பாடுவிக்க வேண்டும். உறவினரே இல்லையென்றால் மற்றப் பிடாரர்கள் சேர்ந்து ஆள் தேட வேண்டும். உரிமை உறவுக்கு, பாட்டோ தகுதிக்கு! இந்த விதியும் அன்றாடப் படியும்தான் குழுவைக் காத்தன. இது அரசன் செல்வத்தில் நடந்த ஆடம்பரம், ஊருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்ற மறுப்பில் பாதி உண்மை உண்டு. ஆனால் திருவாமாத்தூரில் பார்வையற்ற பதினாறு பேர் திருப்பதியம் பாடவும், அவர்களுக்கு வழிகாட்ட இருவர் உடன் இருக்கவும் சோழர் காலத்தில் ஏற்பாடு இருந்தது. கண் காட்டுவாருக்கும் சேர்த்துப் படி அளந்த ஏற்பாட்டை வெறும் ஆடம்பரம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக்கு இந்த வரலாறு அயலானதல்ல. திருமழபாடியைத் தேவாரம் பாடிய மூவரும் பாடியிருக்கிறார்கள். கீழப்பழுவூர் சம்பந்தர் பாடிய தலம். கங்கைகொண்ட சோழேச்சரத்துக்குக் கருவூர்த்தேவரின் திருவிசைப்பா இருக்கிறது. பதிகம் இருக்கிறது, தலம் இருக்கிறது, சேர்ந்து பாடும் குரல்தான் குறைந்துவிட்டது. பெரிய கோயில்களிலும் பெரும்பாலும் ஓர் ஓதுவார்தான். சிற்றூர்க் கோயில்கள் பலவற்றில் அவரும் இல்லை. ஊர் ஊராகத் திருமுறை முற்றோதல் நடத்தும் அன்பர்கள் மரபைத் தாங்குகிறார்கள் என்பது உண்மை, அவர்களை வணங்குகிறேன். ஆனால் ஆண்டுக்குச் சில நாள் கூடிக் கலைவது அன்றாடப் பாட்டுக்கு ஈடாகாது. இதே வட்டாரத்து அரும்பாவூரைப் பாருங்கள்: அதன் மரச்சிற்பம் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. சுவாமி வாகனம் செய்ய அங்கே இன்றும் கை இருக்கிறது, பணம் கொடுத்து வாங்க ஊரும் இருக்கிறது. அடுத்த முறை வாகனத்துக்கு முன்பணம் கொடுக்கும் திருவிழாக் குழுவினர், அந்த வாகனத்தோடு நடந்து பதிகம் பாட நான்கு பிள்ளைகளுக்கு மாதப்படியும் ஓர் ஆசிரியரும் ஏற்பாடு செய்யுங்கள்.