அங்காதிபாதம் முதல் கூகைக்கட்டு வரை: தமிழில் மருத்துவச் சொற்கள் வந்த வழி

1872ஆம் ஆண்டு ‘மனுஷ அங்காதிபாதம்’ என்றொரு நூல் வெளிவந்தது. இன்றைய வாசகருக்கு அந்தத் தலைப்பே புரியாது. உடற்கூற்றியலுக்கு யாழ்ப்பாணத்து மருத்துவ மாணவர்கள் அன்று வழங்கிய பெயர்தான் அங்காதிபாதம். உடலியங்கியலுக்குச் சுகரணம் என்றும் அறுவை மருத்துவத்துக்கு இரண வைத்தியம் என்றும் பெயர். ஹென்றி கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் இந்தச் சொற்களின் துணையோடுதான் தமிழுக்கு வந்தது.

இந்த முயற்சிக்குப் பின்னால் நின்றவர் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் இலங்கைக்கு வந்த இவர், மறு ஆண்டே மானிப்பாயில் மருத்துவப் பணியையும் கற்பித்தலையும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான் பாடம் நடந்தது. ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசு வேலை தேடி வெளியூர் போய்விட, கிராமத்து நோயாளிக்கு வைத்தியர் இல்லாமல் போனது. தமிழில் கற்றவர் தம் ஊரிலேயே தங்குவார் என்று கிறீன் நம்பினார். 1864இல் பாடமொழி தமிழானது.

பாடமொழி மாறியதும் சொல் தேவைப்பட்டது. தமிழில் வழங்கும் சொல்லை முதலில் தேடுவது, கிடைக்காவிட்டால் வடமொழியை நாடுவது, அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதுவது என்பது அவர் வகுத்த வரிசை. 1875இல் வந்த வேதியியல் நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயர் அமைந்தது அப்படித்தான். மாணவர்களான சாப்மன், டான்போர்த் முதலியோர் மொழிபெயர்ப்பில் தோள்கொடுத்தனர். கிறீனின் கலைச்சொல் தொகுப்புகளும் அச்சேறின.

அந்தத் தொகுப்புகள் வைத்தியருக்கானவை. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ்ச் சொல்லை நிறுத்தினால் அவற்றின் வேலை முடிந்தது.

1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அமைத்த தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கமும் அறிவியலுக்குச் சொல் தேடும் பணியைத்தான் மேற்கொண்டது. காவல்துறையில் பணியாற்றிய டி.வி. சாம்பசிவம் பிள்ளை வேறு திசையில் நடந்தார். சித்த மருத்துவச் சுவடிகளின் சொற்களைத் திரட்டி, தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் எழுதி, பேரகராதியாக்கப் பல்லாண்டு உழைத்தார்.

சொல் கிடைத்துவிட்டால் நோய் விளங்கிவிடுமா? ‘நீரிழிவு’ அழகான பழஞ்சொல். ஆனால் அது சிறுநீர் மிகுதியாகப் போவதை மட்டுமே சொல்கிறது. இரத்தத்தில் சர்க்கரை கூடுவதைச் சொல்லவில்லை. ‘சர்க்கரை நோய்’ அதைச் சொல்கிறது. ஆனால் இனிப்பைத் தின்பதால் மட்டுமே வருவது என்ற தவறான எண்ணத்துக்கும் அது வழிவிடுகிறது. கணையத்தில் சுரக்கும் இன்சுலின் போதாமல் போவதோ, சுரந்தும் சரியாக வேலை செய்யாமல் போவதோதான் காரணம் என்ற விளக்கம் சேர்ந்தால்தான் அந்தச் சொல் முழுமை பெறும்.

‘மாரடைப்பு’ இன்னும் கவனம் வேண்டுவது. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டு அத்தசை சிதைவதே மாரடைப்பு. இதயத் துடிப்பு திடீரென நின்றுபோவது வேறு. மாரடைப்பு அதற்கு ஒரு காரணம் ஆகலாம். பேச்சு வழக்கில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. மாரடைப்பு வந்தவர் பெரும்பாலும் வலியோடு பேசிக்கொண்டிருப்பார், அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதயத் துடிப்பு நின்றவர் நினைவிழந்து கிடப்பார், அந்த நொடியே அவர் மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும்.

கடலின் இரு கரைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மற்றொரு சிக்கல். தமிழ்நாட்டின் மஞ்சள் காமாலை இலங்கையில் செங்கண்மாரி. இரத்த அழுத்தம் அங்கே குருதி அமுக்கம். டைபாய்டு நெருப்புக் காய்ச்சல். பொன்னுக்கு வீங்கி கூகைக்கட்டு. இவற்றுள் எதுவும் பிழையான சொல் அன்று. ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் நோய்ப்படுக்கையருகே புழங்கிய சொல்.

ஆகவே பொதுவாசகருக்கான மருத்துவ அகராதி கிறீன் காலத்துச் சொற்பட்டியலின் நீட்சியாக இருந்தால் போதாது. கூகைக்கட்டும் பொன்னுக்கு வீங்கியும் ஒரே பதிவில் இடம்பெற வேண்டும். அதன்கீழே, காதுக்கு முன்னும் கீழும் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள் வைரஸ் தொற்றால் வீங்கும் நோய் என்ற விளக்கமும், தடுப்பூசி உண்டு என்ற செய்தியும் இருக்க வேண்டும். அகராதி தொகுப்போர் இரு நாட்டுச் சொற்களையும் ஒருங்கே திரட்ட முன்வர வேண்டும்.