மரத்தை வெட்டாம கேன்சர் மருந்து... டேங்க்ல வளரும் தாவர செல்கள்! எப்படி?

மார்பகம், சினைப்பை, நுரையீரல் புற்றுநோய்க்கு கீமோதெரபியில் கொடுக்கப்படும் முக்கிய மருந்து பாக்லிடாக்சல். இது முதலில் கிடைத்தது ஒரு மரப்பட்டையில். அமெரிக்காவின் மேற்குக் கரையோரக் காடுகளில் வளரும் பசிபிக் யூ மரம்தான் அது.

இதன் மூலக்கூறு அமைப்பை 1971-ல் வெளியிட்டவர்கள் மன்ரோ வால், மன்சுக் வானி குழுவினர். வானி மகாராஷ்டிராவில் பிறந்தவர். 1992-ல் சினைப்பை புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சிக்கலும் கூடவே வந்தது. பட்டையை உரிச்சா மரம் செத்துடும். யூ மரமோ ரொம்ப மெதுவா வளரும். ஒரே ஒரு நோயாளியின் சிகிச்சைக்கே ஒன்றுக்கு மேற்பட்ட மரங்கள் தேவைப்பட்டன. மரத்தைக் காப்பாத்துறதா, மனுஷனைக் காப்பாத்துறதா என்று பெரிய விவாதமே நடந்தது.

அடுத்து ஐரோப்பிய யூ மரத்தின் இலையில் இருந்து மூலப்பொருளை எடுத்து மருந்தாக மாற்றினார்கள். மரம் பிழைத்தது. ஆனா அதுக்கு நிறைய ரசாயனங்கள் தேவைப்பட்டது.

அப்புறம் வந்ததுதான் தாவர செல் வளர்ப்பு. யூ மரத்தில் இருந்து சின்னத் துண்டு ஒன்றை எடுத்து, கிருமி நீக்கி, ஹார்மோன் கலந்த ஊட்டக் கலவையில் வைப்பார்கள். இலையும் இல்லாம வேரும் இல்லாம, வெறும் செல் குவியலா அது வளரும். அதை சர்க்கரை, வைட்டமின், அமினோ அமிலம் கலந்த திரவத்தில் போட்டு, பெரிய டேங்க்ல பெருக்குவார்கள்.

சும்மா வளர்ந்தா மட்டும் போதாது, மருந்தைச் சுரக்கணும். இதுக்கு ஒரு தந்திரம் இருக்கு. பூச்சி கடிச்சா செடிக்குள்ள எச்சரிக்கை சிக்னலா ஓடுற மெத்தில் ஜாஸ்மோனேட்டை டேங்க்ல கலந்தா, செல்கள் ஆபத்துன்னு நினைச்சு பாக்லிடாக்சலை அதிகமா உருவாக்கும். இந்த ஜாஸ்மோனேட் முதலில் பிரிக்கப்பட்டது மல்லிகை எண்ணெயில் இருந்துதான்!

இந்த முறைக்காக பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்துக்கு 2004-ல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது.

அப்போ எல்லா மூலிகையையும் இப்படி டேங்க்ல வளர்த்துடலாமா? முடியாது. நம்ம ஊர் நித்திய கல்யாணியே உதாரணம். ரத்தப் புற்றுநோய்க்கு கொடுக்கும் வின்கிரிஸ்டின், இன்னொரு கேன்சர் மருந்தான வின்பிளாஸ்டின் இரண்டும் அதன் இலையில் இருந்து வருபவை. இவை உருவாக இரண்டு மூலப்பொருட்கள் சேரணும். அதில் ஒன்றான வின்டோலின், இலையின் குறிப்பிட்ட சில செல்களில்தான் முழுமை பெறும். டேங்க்ல வளரும் செல் குவியல்ல அது கிட்டத்தட்ட உருவாகாது. அதனால் 1 கிராம் வின்பிளாஸ்டினுக்கு சுமார் 500 கிலோ காய்ந்த இலை தேவைப்படுகிறது.