அமில மண் (போன்சாய் வளர்ப்பில்)

கார அமில நிலை 7-க்குக் கீழே உள்ள மண். குற்றாலத்து ஐந்தருவிக்கு மேலுள்ள மலைச்சரிவுகளில் பெருமழை சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போவதால் மண் அமிலத்தன்மை பெறுகிறது.

போன்சாய்க்கு மண்ணைவிட நீரே பெரிய சிக்கல். சிறு தொட்டிக்கு அடிக்கடி நீர் ஊற்ற வேண்டும். கடினத்தன்மையுள்ள கிணற்று நீரானால் சுண்ணாம்பு படிந்து கலவை மெல்லக் காரமாகும். அப்போது மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. கொழுந்திலை வெளுத்து மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அசேலியா, கமேலியா காரமான கலவையில் விரைவில் நலியும். இவற்றுக்குக் கார அமில நிலை ஏறத்தாழ 5 முதல் 6 வரை உகந்தது. ஆல், அரசு, இச்சி காரத்தைத் தாங்கும். தொடங்குவோர் இவற்றையே வளர்க்கலாம். இலைமட்கு, கழுவிய தென்னைநார்க் கழிவு, சிறிதளவு கந்தகத் தூள் அமிலநிலையைக் காக்கும். சாரல் காலத்தில் பிடித்துவைத்த மழைநீர் இவை அனைத்தையும்விட மேல்.