விழுந்த பிறகு வந்த சட்டங்கள்

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே, இன்று ராஜாஜி சாலை எனப்படும் அன்றைய முதல் கடற்கரைச் சாலையில், ஆர்பத்நாட் அண்ட் கோ கதவைச் சாத்தியது. என் ஆபீசுக்கு ஆடிட்டர் தொழில் பழக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இந்தத் தேதியைத்தான். கம்பெனிச் சட்டத்தின் பிரிவுகளெல்லாம் அதற்கப்புறம்.

பாரி, பின்னி என்று பேர் சொல்லும்போதே ஆர்பத்நாட்டையும் சேர்த்துச் சொன்ன காலம் அது. ஏற்றுமதி இறக்குமதியோடு ஊரார் பணத்தையும் டெபாசிட்டாக வாங்கியது. பென்ஷன்காரர்களும் விதவைகளும் வெள்ளைக்காரப் பேரை நம்பிப் போட்டார்கள். ஆனால் அது கூட்டாளிகளின் நிறுவனம். பேலன்ஸ் ஷீட்டை யாருக்கும் காட்டவேண்டிய கட்டாயம் கிடையாது. லண்டன் பக்கத்தைக் கவனித்த கூட்டாளி பேட்ரிக் மக்ஃபாடியன் ஊக வணிகத்தில் பணத்தைக் கரைத்தார். கடைசியில் அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார். மதராஸில் இருந்த சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. பணம் போட்டவர்களுக்காக வாதாடிய வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர், நம்மவர்களுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று ஆள் திரட்டினார். 1907 ஆகஸ்ட் 15-இல் இந்தியன் வங்கி தொழில் தொடங்கியது. திவால் வழக்குகளுக்கு அதுவரை இருந்தது 1848-ஆம் ஆண்டுச் சட்டம். மாகாணத் தலைநகரங்களுக்கான புதிய திவால் சட்டம் 1909-இல் வந்தது.

அடுத்த அடி 1938-இல். தென்னிந்தியா முழுக்கக் கிளை பரப்பியிருந்த திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலோன் வங்கி ஜூன் மாதத்தில் பட்டுவாடாவை நிறுத்தியது. ரிசர்வ் வங்கி பிறந்து அப்போது மூன்றே வருஷம். வங்கிகளுக்குத் தனிச்சட்டம் வேண்டுமென்று அது 1939-இல் முன்மொழிந்தது. இடையில் உலகப்போர் வந்தது. வங்கிக் கம்பெனிகள் சட்டம் கைக்கு வந்தது 1949-இல்தான். எங்கள் தொழிலுக்கான பட்டயக் கணக்காளர் சட்டமும் அதே வருஷம்.

1960 ஆகஸ்டில் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. இந்த முறை அரசு வேகமாக நடந்தது. 1962 ஜனவரி 1 முதல் டெபாசிட்டுக்குக் காப்பீடு வந்தது. ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை. இன்று அது 5 லட்சம்.

தொண்ணூறுகளில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். தெருவுக்குத் தெரு பைனான்ஸ் கம்பெனி முளைத்தது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், பிராவிடன்ட் ஃபண்ட் பணம் முழுதையும் போட்ட ரசீதை என் மேசைமேல் வைத்து, "ஆடிட்டர் சார், இதில் ரிஜிஸ்டர் நம்பரெல்லாம் இருக்கே, இது அரசாங்கம் கொடுத்ததுதானே?" என்று கேட்டார். கம்பெனியைப் பதிவு செய்ததற்கான எண் அது. அவருடைய பணத்துக்கு யாரும் கொடுத்த உத்தரவாதம் அல்ல. அதை அவரிடம் விளக்கிச் சொன்னபோது அந்தக் கம்பெனி பூட்டிக் கிடந்தது. தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் 1997-இல் வந்தது. மோசம் செய்த நிறுவனத்தின் சொத்தை முடக்கி விற்றுப் பணத்தைப் பங்கிட, தனி நீதிமன்றத்துக்கு அது வழி செய்தது. வாத்தியாரின் ரசீதோ அதற்கு முந்தியது.

நிறுவனம் விழுவதற்கும் சட்டம் வருவதற்கும் நடுவே எப்போதும் ஓர் இடைவெளி இருக்கிறது. 1938-க்குப் பிறகு அது 11 வருஷம். அந்த இடைவெளியில் கணக்குப் புத்தகத்தை உள்ளே போய்ப் பார்க்க உரிமையுள்ள வெளியாள் பெரும்பாலும் ஆடிட்டர்தான். ஆகவே இளைய ஆடிட்டர்களுக்கு ஒன்று சொல்வேன்: புதுச் சுற்றறிக்கை வந்தால் இன்னொரு படிவம் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். யாரோ தொலைத்த சேமிப்புக்குப் பிறகுதான் அது எழுதப்பட்டது. எந்த விதியும் இன்னும் கேட்காத கேள்வி உங்களுக்குத் தோன்றினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைக் கேட்டுவிடுங்கள்.