தொட்டில் கயிறும் பீட்டரின் நாற்காலியும்

மலேசியாவில் போர்ட்டிக்சன் அருகேயுள்ள சி ரூசா வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில், "தம்பி பிறக்கப் போகிறான்" என்று பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல அன்று படக்கதைப் புத்தகம் ஏது? விடியுமுன் அம்மா பிரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டக் கிளம்பிவிடுவாள். கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்குப் போகும்; இல்லையேல் அக்காளின் இடுப்புக்கு!

7 முதல் 14 வயதுவரை 10 பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பள்ளி வந்தது, சரி. தம்பியை யார் பார்ப்பது? பல வீடுகளில் அக்காள்தான் நின்றாள்.

1967இல் அமெரிக்காவில் எஸ்ரா ஜாக் கீட்ஸ் 'பீட்டரின் நாற்காலி' என்ற படக்கதையை எழுதி வரைந்தார். தன் சாமான்களுக்கெல்லாம் தங்கைக்காக இளஞ்சிவப்புச் சாயம் பூசுகிறார்களே என்று பீட்டருக்குக் கோபம். மிஞ்சிய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறான். உட்கார்ந்து பார்த்தால் இடம் போதவில்லை, வளர்ந்துவிட்டான்! பிறகு அப்பாவோடு சேர்ந்து அவனே அதற்குச் சாயம் பூசுகிறான்.

கவனியுங்கள்: அவனைக் கோபப்பட விட்டார்கள், பிறகு தானாகவே கொடுத்தான். தோட்டத்து அக்காளின் விருப்பத்தை யார் கேட்டார்கள்? "இவள் இன்னொரு தாய்" என்று புகழ்ந்ததோடு சரி. அவள் வயதுப் பையன்கள் சிலேட்டோடு போவதைப் பார்த்தபடி சாரோங் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.