ஆறாவது ஆட்டக்காரர்

கூடைப்பந்தாட்டத்தில், முதலில் களமிறங்கும் ஐவருக்கு அடுத்தபடியாகப் பெஞ்சிலிருந்து முதன்முதலில் அழைக்கப்படும் மாற்று வீரரை ஆறாவது ஆட்டக்காரர் என்பர். அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில், அணியின் தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு மாற்றாக இருப்பவர் பெரும்பாலும் பிரதான வீரர் காயமுற்றால்தான் களம் காண்பார். 1972-இல் காயமுற்ற பாப் கிரீசியின் ஸ்தானத்தை ஏற்று, மயாமி டால்ஃபின்ஸ் அணி அப்பருவம் முழுவதும் தோல்வியறியாதிருக்கத் துணைநின்ற ஏர்ல் மோரலின் கீர்த்தி அத்தகையது. கூடைப்பந்தின் ஆறாமவரோ விபத்தை எதிர்நோக்கி அமர்ந்திருப்பவரல்லர். அவருடைய பிரவேசம் ஆட்டத்தின் திட்டத்திலேயே அடங்கியது.

இந்த அந்தஸ்து அவருக்குத் தொடக்கத்திலேயே வாய்த்துவிடவில்லை. 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்வாட்டத்தை வகுத்தபோது பக்கத்துக்கு ஒன்பதின்மர் ஆடினர். பின்னர் ஐவர் என்பது நிலைபெற்ற காலத்திலும், களத்தை விட்டு நீங்கியவர் அவ்வாட்டத்தில் மீள இயலாதென்ற விதி இருந்தமையால், மாற்று வீரரை அனுப்புவது பயிற்சியாளருக்கு ஒரு நஷ்டமாகவே தோன்றிற்று. அமெரிக்க விதிகள் 1920-ஐ ஒட்டி ஒருமுறையும், 1930-களில் இருமுறையும் மீள்வரவை அனுமதித்து, 1940-களின் நடுவில் அவ்வரம்பையும் நீக்கிவிட்டன. ஆறாவது ஆட்டக்காரரைப் படைத்தது இவ்விதிமாற்றமே எனல் மிகையாகாது.

அவ்வாய்ப்பின் முழுப் பயனையும் கண்டுகொண்டவர் பாஸ்டன் செல்டிக்ஸ் பயிற்சியாளர் ரெட் ஆவர்பாக். மாற்று வீரர் வந்ததும் அணியின் பலம் குன்றுமென்று ஏனையோர் கருதியிருக்க, எதிரணியின் ஐவரும் களைப்புறத் தொடங்கும் தருணத்தில் அவர்களுக்குச் சற்றும் குறையாத ஒருவரைப் புதுத்தெம்புடன் இறக்குவதே வெற்றிக்கு வழியென அவர் கண்டார். அவ்வாறு இறங்கிய ஃபிராங்க் ராம்சி ஏழு பட்டங்களிலும், அவருக்குப்பின் ஜான் ஹாவ்லிசெக் எட்டிலும் பங்குபெற்றனர். 1982–83 பருவம் முதல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. ஆறாவது ஆட்டக்காரருக்கெனத் தனி விருது வழங்குகிறது. முதலில் பெற்றவர் பாபி ஜோன்ஸ்.

இந்தியாவுக்கு இவ்வாட்டம் ஒய்.எம்.சி.ஏ. வழியாக வந்தது. ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் நிறுவிய உடற்கல்விக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் அதனைப் பள்ளி மைதானங்களுக்குக் கொண்டுசென்றனர். தேனி மாவட்டத்தில், கொடைக்கானல் மலையடிவாரத்துப் பெரியகுளம் இதில் தனிச்சிறப்புடையது. அங்கே சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப், அரை நூற்றாண்டுக்கும் மேலாக, கோடை விடுமுறைக் காலத்தில் மின்னொளியில் அகில இந்தியப் போட்டியை நடத்திவருகிறது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, விமானப்படை, கேரள மின்வாரியம் முதலிய அணிகள் ஆடிய அக்களத்துக்குச் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் ரசிகர் திரள்வர்.

இத்தகைய போட்டியில்தான் ஆறாமவரின் அவசியம் தெளிவாகப் புலப்படும். மே மாதப் புழுக்கத்தில் இரவு தோறும் நாற்பது நிமிஷ ஆட்டத்தை ஐவரே தாங்குவது அரிது; ஐந்தாவது ஃபவுலோடு முக்கிய வீரர் வெளியேற நேர்ந்தால், அதுவரை வேகத்தையும் எதிரணியின் பழக்கத்தையும் வரம்போரத்திலிருந்தே கணித்துவந்தவர், உடல் சூடேறக் காத்திராமல் உள்ளே நுழைந்தாக வேண்டும். அந்த மனத்தயாரிப்பு, பந்தெறியும் சாமர்த்தியத்தினும் அரியதென்பது என் துணிபு. பன்னிரு வீரர் கொண்ட அணியில் எழுவர் பெஞ்சிலிருப்பவரே என்பதை நினைவிற்கொண்டு, ஆறாமவருக்கென ஒரு பரிசை நம் ஊர்ப் போட்டிகள் அனைத்திலும் நிலைபெறச் செய்தல் வேண்டும்.